மடுவத்து வளைவில் மல்லிகா இறங்காத பைக்: 350ஐயும் 250ஐயும் ஓட்டிப் பார்த்த ஒரு சனிக்கிழமை

மலையகத்தில் அன்றாட ஓட்டத்துக்கும் தூரப் பயணத்துக்கும் சேர்த்து ஒரே பைக் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் எல்லாம் சமதரையில், தனியாளாக, வயிறு ஒட்டிய இளைஞர்கள் ஓட்டிப் பார்த்து எழுதியவை. எனக்கு வயது நாற்பத்தொன்பது. பின்னால் மனைவி உட்காருவாள். அவள் மடியில் அம்மா வீட்டுக்கு ஒரு பை இருக்கும், திரும்பும்போது அதைவிடப் பெரிய பை இருக்கும். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

பயணம் இந்த ஆண்டு பெப்ரவரியில், மழை இல்லாத ஒரு சனிக்கிழமை. ஹட்டனிலிருந்து நுவரெலியா, அங்கிருந்து திரும்பி லிந்துலைக்கு மேலே என் மாமனார் இருக்கும் தோட்டம், பிறகு வீடு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீற்றர். தூரம் பெரிதல்ல. ஆனால் அதில் மாமனார் வீட்டுக்கு ஏறும் நான்கு கிலோமீற்றர் தோட்டப் பாதைக்காகத்தான் இந்தப் பயணமே.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். பதினாறு வருடமாக ஒரே நூறு சிசி பைக். பாடசாலைக்குப் போக வர அது போதும். மாமனார் வீட்டுக்குப் போகும்போதுதான் அதன் குணம் தெரியும். பிரதான வீதியிலிருந்து பிரியும் தோட்டப் பாதையில் மூன்றாவது வளைவில் மடுவம் இருக்கிறது. மடுவம் என்றால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. அந்த வளைவு செங்குத்து, போதாக்குறைக்குச் சல்லிக்கல். என் பைக் இரண்டு பேரை அங்கே ஏற்றாது. வளைவுக்கு வந்ததும் மல்லிகா என் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் நிறுத்துவேன். அவள் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நான் மட்டும் ஏறிப் போய் மேலே காத்திருப்பேன். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும், பட்டதாரியைக் கட்டிக்கொண்ட மல்லிகா நடந்து வருவதைப் பார்ப்பார்கள். பதினாறு வருடம் பார்த்தார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் சகலை ரமேஷ், அதாவது மல்லிகாவின் தங்கை சுமதியின் கணவன், மூன்று வருடத்துக்கு முன்பு 350 சிசி பைக் ஒன்று வாங்கினான். தலவாக்கலையில் அவனுக்கு ஹார்ட்வெயார் கடை. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தை மூன்று தடவை எழுதியவன். இப்போது கணக்குப் பார்க்க ஆள் வைத்திருக்கிறான். பைக் இறக்குமதி நின்றுபோய், இருப்பதையே எல்லோரும் ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவனுக்கு மட்டும் கண்டியில் யாரிடமோ கீறல் விழாத ஒன்று கிடைத்தது. இப்படிப்பட்டவை இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கிடைக்கும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நாங்கள் இரண்டு குடும்பமும் முதல் நாளே, ஒன்றாகத்தான் போவோம். மல்லிகா வளைவில் நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் 'டுபுடுபு' என்று சத்தம் வரும். ரமேஷ் கடந்து போவான். பின்னால் இருக்கும் சுமதி, "அக்கா, மெதுவா வா!" என்று கையாட்டுவாள். அதுகூடப் பரவாயில்லை. அவன் மேலே போகப் போக, மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கும் கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாக எழுந்து நிற்பார்கள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலைகள் ஒவ்வொன்றாக உயரும். ரமேஷ் இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டிக்கொண்டு போவான். என் கண்ணால் மூன்று முறை பார்த்திருக்கிறேன். எனக்காக அந்த மலையில் ஒரு தலைகூட உயர்ந்ததில்லை. டிக்கோயாவுக்கு வருமுன் லிந்துலையில் இருந்தபோது அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு நான் படிப்பித்திருக்கிறேன்.

போன பொங்கலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் மல்லிகா சொன்னாள்: "எந்த பைக்க வேணா வாங்குங்க. ஆனா மடுவத்துக்கிட்ட இனிமே நான் எறங்க மாட்டேன். எறங்க வேண்டி வந்துச்சுன்னா அதுக்கப்புறம் அம்மா வீட்டுக்கு நான் பஸ்லயே போய்க்குவேன். நீங்க தனியா ஓட்டிக்கிட்டு வாங்க."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் பயந்தேன்.

ஹட்டனில் ஒரு விற்பனைக் கடையில் இரண்டு பைக் பார்த்தேன். ஒன்று ரமேஷ் வைத்திருக்கும் அதே 350. மற்றது உயரமான, பயணத்துக்கென்று செய்த 250. திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், இரண்டுக்கும் ஆள் இருக்கிறது என்றார் கடைக்காரர். கடையைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது எதற்கும் உதவாது. எனவே சனிக்கிழமை அதே 250 ரகத்தில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன், ஒரு நாளைக்கு எட்டாயிரம் ரூபாய். 350ஐ ஓட்டிப் பார்க்க ரமேஷிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்காமல், "அதுக்கென்னாண்ணே, தாராளமா ஓட்டுங்க, நாங்களும் வர்றோம்" என்றான். அவன் என்றைக்கும் இப்படித்தான். ஒரு குறையும் சொல்லவிடமாட்டான். அதுவே எனக்குப் பெரிய குறை.

பெயர்களைத் தவிர்க்கிறேன். பைக் பெயர் எழுதினால் அதன் ரசிகர்கள் கருத்துப் பகுதியில் வந்து வீட்டாரைத் திட்டுகிறார்கள். முக்கியமான விபரம் இதுதான்: 350 கிட்டத்தட்ட 195 கிலோ, இருக்கை 80 சென்ரிமீற்றர் உயரம். 250 அதைவிட முப்பது கிலோ குறைவு, ஆனால் இருக்கை மூன்றரை சென்ரிமீற்றர் கூடுதல் உயரம். மூன்றரை சென்ரிமீற்றர்தானே என்று நினைக்காதீர்கள். மல்லிகா ஐந்தடி. காலை ஆறு மணிக்கு எங்கள் வாசல் படியில் நின்று, என் தோளைப் பிடித்து, ஒரு காலை மிதியில் வைத்து, "இதுல ஏறுறதுக்கு ஒரு ஏணியும் குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினாள். சேலை கட்டியிருந்தால் முடிந்திருக்காது. அன்று சுடிதார்.

ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். கொட்டகலை வரை பனி. 250 குளிரில் உடனே இயங்கியது, கைப்பிடியில் அதிர்வு இல்லை. கொட்டகலைக்குப் பிறகு வரும் ஏற்றத்தில் ஐந்தாவது கியரில் திணறியது, நான்காவதுக்கு இறங்கினால் சரியாகிவிட்டது. அன்றாடம் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 250இல் கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பஸ்ஸை முந்துவதற்கு முன் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். பத்தனை தாண்டியதும் வெயில் வந்தது. டெவோன் அருவி, சென்கிளேயர் அருவி இரண்டையும் நிறுத்திப் பார்த்தோம். வெள்ளைக்காரர்கள் இருவர் எங்கள் பைக்கைப் படம் எடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகுதான் பார்த்தேன், அவர்கள் படம் எடுத்தது பெற்றோல் தாங்கியில் ஒட்டியிருந்த வாடகைக் கடையின் தொலைபேசி இலக்கத்தை.

தலவாக்கலைக்கு ஏழு பத்துக்கு வந்தோம். இருபது கிலோமீற்றர், அருவிகளோடு சேர்த்து ஒரு மணி நேரம். ரமேஷும் சுமதியும் பஸ் நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் காத்திருந்தார்கள். அவன் தோல் கையுறை, தோள்பட்டையில் பஞ்சு வைத்த ஜாக்கெட், அதே நிறத்தில் ஹெல்மட். அவளுக்கும் அதே நிறத்தில் ஹெல்மட். என் ஹெல்மட்டின் கண்ணாடியை நான் ரப்பர் நாடாவால் கட்டியிருந்தேன்.

கடை முதலாளி வெளியே வந்து 350ஐ ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், மொதலாளி, தொடச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றார் ரமேஷிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், இது ரெண்டலா, வாடகையா?" என்றார்.

"ஓட்டிப் பாக்க எடுத்தது" என்றேன்.

"அதானே, பாத்தாலே தெரியுதே" என்றார் அன்பாக. இந்த மாதிரி அன்பை எங்கே திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. வடை சூடாக இருந்தது, ஒன்று எண்பது ரூபாய். அதை மட்டும் சிபாரிசு செய்கிறேன்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியா முப்பது கிலோமீற்றர். கார்ப்பெட் போட்ட, வழவழப்பான தார்ப்பாதை. நான் ரமேஷின் பின்னால் போனேன். இரண்டு பைக்கையும் ஒப்பிடுவதற்கு இதுதான் சிறந்த வழி, மனதுக்குக் கெட்டது என்றாலும். மரக்கறி லொறிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் இடங்களில் அவன் கியரை மாற்றாமலே, கைப்பிடியை மட்டும் திருகி முந்தினான். நான் இரண்டு கியர் இறக்கி, அலறவிட்டு முந்தினேன். ஆனால் இறுக்கமான வளைவுகளில் கதை மாறியது. அங்கே அவன் பைக் கனத்தோடு போராடியது. என்னுடையது சைக்கிள் போலத் திரும்பியது. நானுஓயாவுக்கு முன்னால் ஒரு வளைவில் அவனை முந்தினேன். சுமதி, "மச்சான், பாத்து!" என்று கத்தினாள். அந்த ஒரு வளைவுக்காகவே 250 வாங்கலாம் என்று அப்போது தோன்றியது.

நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரையில் ஒரு மணி நேரம் இருந்தோம். அங்கே பைக்குகளை மாற்றிக்கொண்டோம். ரமேஷ் சாவியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசினான்.

"அண்ணே, கிளச்ச பாதியில புடிச்சு வச்சுக்கிட்டே ஓட்டாதீங்க. அண்ணே, சரிவுல நிப்பாட்டுனா கியர்ல போட்டுட்டு எறங்குங்க. அண்ணே, சைட் ஸ்டேண்ட் போடுற எடம் கல்லா இருக்கானு பாருங்க, மண்ணுல எறங்கிரும்."

"ரமேசு, நான் பதினாறு வருசமா பைக் ஓட்டுறேன்."

"இல்லண்ணே, இது கொஞ்சம் வெயிட்டு. அதுக்குச் சொன்னேன்."

மல்லிகா அதற்குள் 350இன் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏணி எதுவும் கேட்கவில்லை. "சோபா மாதிரி இருக்குடி" என்று சுமதியிடம் சொன்னாள். நான் அதைக் கேட்காத மாதிரி கையுறை போட்டேன். கையுறை அவனுடையது.

உண்மையைச் சொல்ல வேண்டும். 350 நல்ல பைக். ஏற்றமோ இறக்கமோ, மூன்றாவது கியரில் விட்டுவிட்டு வேறு யோசனை செய்யலாம். சத்தம் வயிற்றுக்குள்ளே கேட்கிறது. எதிரே வருகிற ஓட்டோக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். நாற்பத்தொன்பது வருடத்தில் எனக்காக ஓட்டோக்காரன் ஒதுங்கியது அன்றுதான். நானுஓயாவுக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன், திங்கட்கிழமை இதைத்தான் வாங்குவது என்று. ரமேஷிடம் இருப்பதைவிட ஒரு வருடம் புதியதாக, வேறு நிறத்தில்.

நானுஓயாவில் சுமதி அம்மாவுக்கு லீக்ஸும் கரட்டும் வாங்க வேண்டும் என்றாள். அவர்கள் இருவரும் கடையில் நின்றார்கள். "நீங்க முன்னால போங்கண்ணே" என்றான் ரமேஷ். நாங்கள் லிந்துலைக்கு இறங்கி, பதினொன்று நாற்பதுக்குத் தோட்டப் பாதையில் திரும்பினோம்.

தோட்டப் பாதை எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். முதல் ஒரு கிலோமீற்றர் கொங்கிறீட். பிறகு இரண்டு சக்கரத் தடங்களுக்கு மட்டும் கொங்கிறீட், நடுவில் புல். பிறகு வெறும் கல். மூன்றாவது வளைவுக்கு வந்தோம். மல்லிகா பையை இறுக்கிக்கொண்டாள். தோளில் தட்டவில்லை. முதலாவது கியர். பைக் அவசரப்படவில்லை, திணறவில்லை, கல்லின் மேல் கல்லாக மிதித்து ஏறியது. மடுவம் எங்கள் இடப்பக்கம் கீழே போனது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மல்லிகா அந்த வளைவை உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

அதன் பிறகு அது நடந்தது. மேல் மலையில் ஒரு தலை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. வரிசையாக எழுந்தார்கள், இருபது பேருக்கு மேல் இருக்கும். யாரோ ஒருவர் "ம், ம், கையப் போடுங்க" என்று கத்துவது கேட்டது. அத்தனை கைகளும் செடியில் ஓடத் தொடங்கின. என் இடது கை தானாகவே கைப்பிடியிலிருந்து கொஞ்சம் உயர்ந்தது.

வளைவின் உச்சியில் ஒரு வாகை மரம் இருக்கிறது. மல்லிகா நடந்து வரும்வரை நான் காத்திருக்கும் இடம். இத்தனை வருடப் பழக்கம், அவள் பின்னாலேயே இருக்கிறாள் என்பதை மறந்து அங்கே நிறுத்திவிட்டேன். நிறுத்தியது நிறுத்தியாகிவிட்டது என்று ஹெல்மட்டையும் கழற்றினேன்.

பிறகு மலை முழுக்க ஒரே சத்தம்.

"அடியே மல்லிகா! உம் புருசனாடி அது!" என்று கத்தியது ராக்கம்மா. மல்லிகாவின் அத்தை, மாமனாரின் தங்கை. "அட பாவி மாப்ள, சின்ன தொரைனு நெனச்சு சூடு தேத்தண்ணிய அப்புடியே செடிக்குள்ள ஊத்திட்டேனே!"

"நீ ஊத்துன. நான் வெத்தலைய முழுங்கிட்டேன்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கங்காணி, அதாவது கொழுந்தெடுப்பவர்களை மேற்பார்க்கிறவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். "வாத்தியாரய்யா, ஒரு நிமிசம் எனக்கு மூச்சே நின்னுருச்சுங்க. நிறுவைக்கு முன்ன கொஞ்சம் ஒக்காரட்டும்னு விட்டுருந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. ராக்கம்மாதான் விளக்கினார். போன மூன்று வருடமாகத் தோட்டத்தில் இருக்கும் உதவி நிர்வாகி, சின்ன தொரை, ஓட்டுவதும் இதே பைக். "டுபுடுபுனு கேட்டா மேலருந்து கீழ வரைக்கும் எந்திரிச்சுருவோம் மாப்ள. ஒக்காந்துருக்கறத அந்தாளு பாத்தாருன்னா அரைப்பேருதான்." அரைப்பேர் என்றால் அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம்.

நான் மெதுவாகக் கேட்டேன்: "அப்ப, நம்ம ரமேசு வர்றப்ப எந்திரிக்கிறது?"

"அதுவும் இதே கூத்துதான்! ஹெல்மட்ட மாட்டிக்கிட்டு வந்தா யாருனு கண்டோம்? கிட்ட வந்தப்பறம்தான் பின்னால சுமதி இருக்கறது தெரியுது. அவரு பாட்டுக்கு தேருல வர்ற சாமி மாதிரி கையத் தூக்கிக் காட்டிட்டு போயிருவாரு. நிக்கவும் மாட்டாரு. நாங்க ஒரு வார்த்த சொல்லுவோம்."

"என்னா வார்த்த?"

"வாத்தியாருகிட்ட சொல்ற வார்த்தையா அது?" என்றார் ராக்கம்மா. மலையே சிரித்தது.

நானும் சிரித்தேன். மூன்று வருடமாக என் வயிற்றில் இருந்த கல் ஒரு நொடியில் கரைந்துவிட்டது. அவனுக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை! தொரைக்குத்தான் நின்றார்கள், அதுவும் தேத்தண்ணீர் குடித்து மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று. பட்டம் வாங்கிய நாளில்கூட நான் இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, ஏறும்போது மல்லிகாவிடம் சொன்னேன்: "கேட்டியா? மூணு வருசமா அவன் சும்மா கையாட்டியிருக்கான்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "அம்மா சொன்னாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க வயிறெரியுறத விட்டுட்டு சந்தோசப்படுவீங்க. அது பாக்க இன்னும் மோசமா இருக்கும்." பிறகு, "நீங்களும்தான் கையத் தூக்குனீங்க. நான் பாத்தேன்" என்றாள்.

இருபது நிமிடம் கழித்து ரமேஷ் 250இல் தனியாக வந்தான்; சுமதி மரக்கறிப் பையோடு பின்னால் ஓட்டோவில் வந்துகொண்டிருந்தாள். லயத்து வாசலில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த பைக் தையல் இயந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டு வந்தது. மலையில் ஒரு தலைகூட உயரவில்லை. அவன் இடது கை பாதி எழுந்து, திரும்பக் கைப்பிடிக்குப் போனது. வந்து இறங்கியதும், "என்னாண்ணே, இன்னக்கி ஒருத்தரும் கண்டுக்கல?" என்றான்.

"ரெண்டல் பைக்கு ரமேசு. பாத்தாலே தெரியுதே" என்றேன்.

உண்மையை அவனிடம் சொல்லவில்லை. மாமியாரின் கோழிக்கறியைச் சாப்பிடும்போது, "மலையில நம்ம பைக்குக்கு ஒரு மரியாத இருக்குண்ணே, அத வெலை குடுத்து வாங்க முடியாது" என்று அவனே பேச்செடுத்தான். மாமனார் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார். அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். இங்கே எழுதுவதில் ஆபத்தில்லை. ரமேஷ் படிக்க மாட்டான், காணொளி மட்டும்தான் பார்ப்பான்.

சாப்பிட்டு முடித்ததும் பைக்குகளைத் திரும்ப மாற்றிக்கொண்டோம். 350ஐ ராக்கம்மாவின் சத்தத்தோடு சேர்த்தே நினைக்க வேண்டியிருந்தது. கிடைக்கிற மரியாதை என்னுடையதாக இருக்காது, கிடைக்கிற வசவு மட்டும் என்னுடையதாக இருக்கும். மல்லிகாவும், "இந்தச் சத்தத்தோட எங்கத்தைக்கு முன்னால நான் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். எனவே 250 அந்த வளைவை ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அவள் பஸ்ஸில், நான் தனியே. மூன்று மணிக்கு நானும் மல்லிகாவும் பிரதான வீதிவரை இறங்கி, திரும்பி ஏறினோம்.

பின்னேர நிறுவை நேரம். மடுவத்தில் வரிசையாக நின்றார்கள். வளைவை நெருங்கும்போது இரண்டாவது கியரில் நல்ல வேகம் இருந்தது. அப்படியே விட்டிருந்தால் ஏறியிருக்கும். சரியாக அந்த இடத்தில் என் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. நானும் பழக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

"ஐயோ, கை தானா போயிருச்சுங்க!" என்றாள் மல்லிகா.

செங்குத்தில், சல்லிக்கல்லில், இரண்டு பேரோடு, கால் நுனி மட்டும் தரையில் படும் உயரமான பைக்கில் நின்றுவிட்டோம். இதைவிடக் கடினமான சோதனையை நான் வேண்டுமென்றே வைத்திருக்க மாட்டேன். பைக் பின்னால் ஒரு சாண் நழுவியது.

"ஏய் மல்லிகா, எறங்குடி, எப்பவும் எறங்குற எடந்தானே!" என்று வரிசையில் இருந்து ஒருத்தி கத்தினாள். ராக்கம்மா அவளை அடக்கினார்: "வாய மூடு. அவ எறங்க மாட்டா."

"எறங்கட்டுமாங்க?" என்று மல்லிகா காதருகில் கேட்டாள்.

"இரு" என்றேன். பின் பிரேக்கை வலது காலால் அழுத்தி, இடது கால் பெருவிரலில் நின்று, முதலாவது கியரில் சத்தத்தை ஏற்றி, கிளச்சை மயிரளவு மயிரளவாக விட்டேன். சக்கரம் ஒருமுறை சுழன்று கல்லை மடுவத்துத் தகரத்தில் அடித்தது. பிறகு பிடித்தது. எடை குறைவு என்பதால் முன்பக்கம் உயரப் பார்த்தது, மல்லிகா என் முதுகோடு ஒட்டி முன்னால் சாய்ந்தாள். ஏறிவிட்டோம். வாகை மரத்தடியைத் தாண்டினோம், நிறுத்தவில்லை. கீழே யாரோ கைதட்டினார்கள். மல்லிகா என் தோளுக்கு மேலால் கையைத் தூக்கி ஆட்டினாள். பின் கண்ணாடியில் பார்த்தேன். நிஜமாகவே அது அவளுக்கான கைதட்டல்தான்.

திங்கட்கிழமை 250ஐ வாங்கினேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை: தார்ப்பாதை மட்டும்தான், நிறையத் தூரம், பின்னால் ஆள் என்றால் 350. களைப்புத் தெரியாது, பின்னிருக்கை உண்மையிலேயே சோபா. தோட்டப் பாதை, குறுகிய வளைவு, தினசரி டவுன் நெரிசல் என்றால் 250. இரண்டு பேரோடு எங்கள் பக்கத்து ஏற்றங்களில் 250 எனக்கு லீற்றருக்கு முப்பத்தாறு கிலோமீற்றர் கொடுத்தது. ரமேஷ் 350க்கு முப்பத்திரண்டு என்கிறான், அவன் கணக்கு என்பதால் அதை நீங்கள் சரிபார்த்துக்கொள்ளவும். ஐந்தரை அடிக்குக் குறைவானவர்கள் 250இன் இருக்கையைக் குறைத்துத் தரச் சொல்லுங்கள். பின்னால் உட்காருபவரைக் கடைக்கு அழைத்துப் போய் ஏற்றிப் பாருங்கள். நீங்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்து வாங்காதீர்கள். மிக முக்கியமாக, உங்கள் பாதையில் உள்ள ஆக மோசமான வளைவில், ஓட்டத்தோடு ஏறிப் பார்ப்பது போதாது. நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய சனிக்கிழமை புது பைக்கில் மாமனார் வீட்டுக்குப் போனோம். வாகை மரத்தடியில் ராக்கம்மா கையை நீட்டி மறித்தார். "எறங்காம ஏறிட்டா எங்கள எல்லாம் தெரியாதா? தேத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க." செடிகளுக்கு நடுவே பெண்களோடு உட்கார்ந்தோம். போத்தல் மூடியில் எனக்கு ஊற்றிக் கொடுத்தார். இஞ்சி போட்டது, சீனி தூக்கல், நல்ல சூடு. முதல் தடவையாக அந்த மலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றியது.

கீழே, வளைவுப் பக்கம், 'டுபுடுபு' என்று கேட்டது.

எல்லோரும் எழுந்தார்கள். போத்தல்கள் கூடைக்குள் போயின. நானும் எழுந்துவிட்டேன். எழுந்தது மட்டுமல்ல, கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் மறைத்து, விறைப்பாக நின்றேன்.

வந்தது ரமேஷ். என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. இடது கையை லேசாகத் தூக்கினான். பின்னாலிருந்து சுமதி, "மச்சான்!" என்று கையாட்டினாள். போய்விட்டார்கள்.

ராக்கம்மா அந்த வார்த்தையைச் சொன்னார். நான் கையை முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். மூடி காலியாக இருந்தது. என் தேத்தண்ணீர் முழுவதும் செடிக்குள் போயிருந்தது.